சாப்பிட்டு இரண்டு மணி நேரம்

1824-ஆம் ஆண்டு பெர்லினில் ஹைன்ரிஷ் பென்னவிட்ஸ் என்பவர் தம் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் ஒரு தாயைப் பற்றி எழுதினார். ஐந்தாவது முறையாகக் கருவுற்றிருந்த அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை. சிறுநீரில் சர்க்கரை இருந்தது. குழந்தையின் எடை பன்னிரண்டு பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை கிலோ. பிரசவத்தின்போதே அது இறந்துபோனது. அதன்பின் தாயின் தாகம் தணிந்தது, சிறுநீரில் இருந்த சர்க்கரையும் மறைந்தது. கர்ப்பகால நீரிழிவைப் பற்றி மருத்துவ உலகில் பதிவான மிகப் பழைய விவரங்களில் இது ஒன்று. அந்தத் தாய்க்காவது தாகம் இருந்தது. இன்று இந்நோய் கண்டறியப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. இருந்தாலும் அது கர்ப்பத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடும். களைப்பு, பசி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது எல்லாம் முழுகாமல் இருப்பவளுக்கு இயல்புதானே என்று வீடே சொல்லும். ஆகவே இந்த நோயைப் பார்த்தோ கேட்டோ கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதையும் ஒருமுறை அளந்து சீட்டை மடித்து வைத்துவிட்டால் போதாது. சாப்பாட்டுக்குப் பின் அளக்க வேண்டும், தொடர்ந்து அளக்க வேண்டும், குழந்தை பிறந்த பிறகும் அளக்க வேண்டும். இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

கர்ப்பத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வயிற்றில் வளரும் கருவுக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அதைத் தாயின் இரத்தத்திலிருந்துதான் அது பெற்றாக வேண்டும். தாயின் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் சாப்பிட்ட உடனே குளுக்கோஸை வழக்கம்போல இழுத்துக்கொண்டால் கருவின் பங்கு குறைந்துவிடும். எனவே நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரந்து தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகிறது. சர்க்கரை தாயின் இரத்தத்தில் சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது, கரு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இதை ஈடுகட்டத் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் அந்தச் சுமையைத் தாங்குகிறது. சிலருக்குத் தாங்குவதில்லை. நஞ்சுக்கொடி வளர வளர இந்தத் தடையும் வலுக்கிறது. ஆறாம் மாதம் தொடங்கி அது நன்றாக ஏறிவிடுகிறது. 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில் பரிசோதனை கட்டாயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நம் ஊரில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்துவோம். சித்ரான்னங்களும் இனிப்புகளும் வரிசைகட்டும் அந்த மாதத்தில்தான் தாயின் கணையமும் கடுமையான தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறது.

தாயின் சர்க்கரை கூடினால் குழந்தைக்கு என்ன? இந்தக் கேள்விக்கு இன்றளவும் நிற்கும் விடையை 1952-இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் தம் ஆய்வேட்டில் எழுதினார். நஞ்சுக்கொடி வழியே குளுக்கோஸ் தாராளமாகக் கடந்து செல்லும், ஆனால் தாயின் இன்சுலின் கடக்காது. அதாவது சுமை மட்டும் குழந்தையிடம் போகிறது, அதை இறக்கிவைக்க உதவும் கை போவதில்லை. கருவின் சின்னஞ்சிறு கணையம் தானே அதிக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. கருவில் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோன் போலவும் வேலை செய்வதால் குழந்தை பெருக்கிறது. தோளிலும் உடற்பகுதியிலும் கொழுப்பு சேர்கிறது. தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதனால் கூடுகிறது. நுரையீரல் முதிர்ச்சியும் தாமதப்படலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை சட்டென்று நின்றுவிடும். குழந்தையின் இரத்தத்தில் இன்சுலின் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். பிறந்த முதல் சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது இப்படித்தான். கொழுகொழுவென்று நாலரைக் கிலோவில் பிறக்கும் குழந்தையைப் பார்த்து வீடு பூரிப்பது இயல்பு. ஆனால் அந்த எடை எல்லா நேரமும் ஆரோக்கியத்தின் எடை ஆகாது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். நீரிழிவு குடும்பத்தில் வருவது. குழந்தைக்குப் பின்னாளில் சர்க்கரை வந்தால் அதற்குப் பரம்பரைதானே காரணம், கர்ப்பத்தின் சர்க்கரையை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்வு இந்த ஐயத்தை நேராக எதிர்கொண்டது. உலகிலேயே நீரிழிவு மிக அதிகமாகக் காணப்படும் சமூகங்களில் ஒன்று அது. ஒரே தாயின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு பக்கம், வந்த பின் பிறந்தவர்கள் மறுபக்கம். 2000-இல் வெளியான முடிவின்படி, பின்னால் பிறந்தவர்களுக்கே நீரிழிவும் உடற்பருமனும் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. தாய் ஒருத்தி, தகப்பன் ஒருவர், வீடும் சமையலும் ஒன்று. மாறியது கருப்பையின் சூழல். பரம்பரையின் பங்கை இந்த ஆய்வு மறுக்கவில்லை. பரம்பரையோடு கருப்பையின் சர்க்கரையும் சேர்ந்து எழுதுகிறது என்பதைக் காட்டியது. பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது, கருப்பையின் சர்க்கரையை மாற்ற முடியும்.

எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து? கர்ப்பகாலத்துக்கென்று முதலில் ஒரு கோடு போட்டவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஓ'சல்லிவனும் மேகனும். 752 கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டு 1964-இல் அவர்கள் வகுத்த வரம்பு, எந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் என்று கணிப்பதற்கானது. குழந்தைக்கு எது தீங்கு என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. அந்த விடைக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாடுகளில் 15 மையங்கள், 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள். ஹாப்போ என்று சுருக்கமாக வழங்கும் அந்த ஆய்வில் பெண்களின் சர்க்கரை அளவுகள் அவர்களுக்கோ மருத்துவர்களுக்கோ தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டன. மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் தெரிவித்து விலக்கிவிட்டார்கள். கிடைத்த முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு மாறானது. சர்க்கரை ஏற ஏற, குழந்தையின் எடையும் கொழுப்பும் கருவின் இன்சுலினும் அறுவைப் பிரசவமும் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின. இதுவரை பாதுகாப்பு, இதற்கு மேல் ஆபத்து என்று பிரிக்கும் இடம் ஒன்று கூடத் தென்படவில்லை. நாம் நீரிழிவைச் சுவர் போல நினைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பக்கம் நோயாளி, இந்தப் பக்கம் நலமானவர். கர்ப்பகாலச் சர்க்கரையோ சரிவான மேட்டைப் போன்றது. மருத்துவர்கள் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் என்றும் 153 என்றும் போடும் கோடு அந்த மேட்டில் நட்டுவைத்த அடையாளக் கல் மட்டுமே. ஒருவர் மேட்டில் எங்கே நிற்கிறார், ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பதைத் தொடர்ந்து அளந்தால்தான் அறிய முடியும்.

சிறுநீரைப் பார்த்தால் போதாதா, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை ஒன்று போதாதா, வெறும் வயிற்றில் எடுத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றுக்கும் கர்ப்பம் தனித்தனியே தடை போடுகிறது. கர்ப்பத்தில் சிறுநீரகம் சர்க்கரையைத் தடுத்து நிறுத்தும் எல்லை தாழ்கிறது. இரத்தத்தில் அளவு சரியாக இருக்கும் பெண்ணின் சிறுநீரிலும் சர்க்கரை தென்படலாம். எச்.பி.ஏ.1சி இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அந்த அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் கூடுதலாகவும் காட்டும்; நம் கர்ப்பிணிகளிடம் இரத்தசோகை பரவலாக இருப்பதால் இது சின்ன விஷயமன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ கர்ப்பத்தில் இயல்பாகவே தாழ்கிறது. தெற்காசியப் பெண்கள் பலருக்கு அது ஒழுங்காக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டுமே அளவு எகிறுகிறது. காலையில் பட்டினியோடு வந்து இரத்தம் கொடுத்து, எல்லாம் சரி என்ற சீட்டோடு வீடு திரும்புபவரின் உண்மையான நிலை, அவர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்த பிறகே தெரியக்கூடும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைக் கட்டியெழுப்பிய மருத்துவர் வீ. சேஷய்யா ஒரு நடைமுறைக் கேள்வியை எழுப்பினார். கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றில் வரச்சொல்வதும், சாப்பிட்டு வந்துவிட்டால் இன்னொரு நாள் வா என்று அனுப்புவதும் எத்தனை பேருக்குச் சாத்தியம்? திரும்ப வராதவர்கள் கணக்கிலேயே வராமல் போவார்கள். அவரும் அவர் சார்ந்த இந்திய ஆய்வுக் குழுவும் பரிந்துரைத்த முறை எளிமையானது. கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இந்த அளவுகோலைக் கொண்டு நடத்திய ஆய்வில் நகரத்தில் 17.8 சதவீதம், புறநகர்ப் பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. கிராமத்திலும் பத்தில் ஒருவர். பருமனானவர், முப்பது வயதைத் தாண்டியவர், குடும்பத்தில் நோய் உள்ளவர் என்று தேர்ந்தெடுத்துச் சோதித்தால் போதும் என்ற பழைய வழக்கத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தச் சோதனையைத் தமிழ்நாடு 2007-இல் கட்டாயமாக்கியது. பின்னர் வந்த தேசிய வழிகாட்டுதலும் இதே முறையை ஏற்று, முதல் வருகையிலேயே ஒருமுறை, அப்போது இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை என்று வகுத்தது. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்த முறைக்கு எதிர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. வெறும் வயிற்றில் செய்யும் முழுப் பரிசோதனையோடு ஒப்பிட்ட சென்னை ஆய்வாளர்கள், சாப்பிட்ட நிலையில் செய்யும் ஒற்றைச் சோதனை நோயுள்ள பலரைத் தவறவிடுகிறது என்று காட்டினார்கள். இதை அலட்சியப்படுத்தக்கூடாது. வசதியுள்ள மருத்துவமனையில், வெறும் வயிற்றில் வரக்கூடிய பெண்ணுக்கு, வெறும் வயிற்று அளவு 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி மூன்று முறை இரத்தம் எடுப்பதே நுட்பமானது. ஆனால் ஒரு பரிசோதனையின் தரத்தை ஆய்வகத்தில் மட்டும் வைத்து எடைபோட முடியாது. ஆயிரம் பேரில் எத்தனை பேரை அது எட்டுகிறது என்பதும் தரத்தின் பகுதிதான். செய்யப்படாத சிறந்த சோதனையைவிடச் செய்யப்படும் எளிய சோதனை அதிகம் பேரைக் காக்கும். அதன் குறையை ஈடுகட்டவும் வழி உண்டு. சந்தேகத்துக்கு இடமுள்ள பெண்ணை ஒரே முடிவோடு விட்டுவிடாமல் மீண்டும் அளப்பதே அந்த வழி.

கண்டுபிடித்து என்ன பயன், சிகிச்சையால் ஏதாவது மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவினருக்கு உணவு ஆலோசனை, வீட்டில் சர்க்கரை அளவீடு, தேவைப்பட்டவர்களுக்கு இன்சுலின் தரப்பட்டன; மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. குழந்தை இறப்பு, தோள் சிக்கல், எலும்பு முறிவு, நரம்புச் சேதம் போன்ற கடுமையான விளைவுகள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. 2009-இல் அமெரிக்காவில் லேசான நோயுள்ள 958 பெண்களிடம் நடந்த சோதனையில் அந்த அளவுக்குக் கடுமையான விளைவுகளில் வேறுபாடு தெரியவில்லை. என்றாலும் மிகப் பெரிய குழந்தைகளும் தோள் சிக்கலும் அறுவைப் பிரசவமும் தாயின் இரத்த அழுத்தக் கோளாறும் குறைந்தன. இந்தக் குழந்தைகள் வளர்ந்த பின் பருமன் குறைந்ததா என்று பின்தொடர்ந்தவர்களுக்குத் தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை பிரசவத்தைப் பாதுகாக்கிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. ஆயுள் முழுவதையும் காக்கிறது என்று சொல்லும் உரிமை நமக்கு இன்னும் வரவில்லை.

அளப்பதிலும் எப்போது அளக்கிறோம் என்பது விளைவையே மாற்றும். 1995-இல் அமெரிக்காவில் இன்சுலின் தேவைப்பட்ட 66 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சாப்பாட்டுக்கு முன் அளந்து, அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைச் சரிசெய்துகொண்டார்கள். மற்றவர்கள் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் அளந்தார்கள். முன்னால் அளந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு வயதுக்கு மீறிய எடையுள்ள குழந்தை. பின்னால் அளந்தவர்களில் 12 சதவீதம். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை தாழ்வது 21 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. ஆய்வு சிறியதுதான். ஆனால் பெடர்சன் சொன்ன காரணத்தோடு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. குழந்தையின் கணையத்தை உசுப்புவது சாப்பாட்டுக்குப் பின் எழும் அலைதான். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் என்ற இலக்கு இன்று பரவலாக ஏற்கப்பட்டது. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவருக்கு அது வேறொரு நன்மையும் செய்கிறது. கர்ப்பத்தில் இன்சுலினுக்கு எதிரான தடை காலையில்தான் அதிகம். எனவே மதியம் தாங்கிக்கொள்ளும் அளவு மாவுச்சத்தைக் காலையில் உடல் தாங்காமல் போகலாம். காலை இட்லியில் இரண்டைக் குறைத்து, சுண்டலோ முட்டையோ சேர்த்து, விட்ட இரண்டை நடுக்காலையில் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதை இரண்டு மணி நேரத்தில் அவரே பார்த்துக்கொள்ளலாம். எந்த அறிவுரைத் தாளும் அவ்வளவு துல்லியமாகப் பேசாது. இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று சொல்லும் பாட்டியோடு வாதாடவும் வேண்டியதில்லை, எண்ணைக் காட்டினால் போதும். பட்டினி கிடப்பது தீர்வன்று. குழந்தை வளர உணவு வேண்டும். பங்கும் வேளையும்தான் மாற வேண்டியவை.

வலுவான எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கோட்டைத் தாழ்த்தத் தாழ்த்த நலமான பெண்களையும் நோயாளி ஆக்குகிறோம் என்பது அது. நியூசிலாந்தில் 4,061 பெண்களிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், தாழ்ந்த அளவுகோல் 15.3 சதவீதம் பேரையும் உயர்ந்த அளவுகோல் 6.1 சதவீதம் பேரையும் நோயாளிகள் என்றது. மிகை எடைக் குழந்தைகளோ இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு, 8.8, 8.9. இதை மறைத்துவிட்டு அளவீட்டுக்கு வாதாடுவது நேர்மையாகாது. அதே ஆய்வில் இரு கோடுகளுக்கும் இடையில் நின்ற பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களுக்கு மிகை எடைக் குழந்தைகள் குறைவு. மொத்தக் கணக்கில் அவர்கள் சிறுபான்மை என்பதால் அந்தப் பலன் கரைந்துவிட்டது. கூடவே பிரசவத்தைத் தூண்டுவதும் மருந்தும் கூடின. மேடு சரிவானது என்பதைத்தான் இதுவும் உணர்த்துகிறது. ஆகவே கோட்டை எங்கே போடுவது என்ற விவாதம் தொடரட்டும். கோட்டை ஒட்டி நிற்கும் பெண்ணுக்கு உடனே மருந்தும் பயமும் தர வேண்டியதில்லை. இரண்டு வாரம் உணவை மாற்றி, நடந்து, சாப்பிட்ட பின் அளந்து பார்க்கலாம். இந்திய வழிகாட்டுதல் சொல்வதும் இதே வரிசைதான். அதற்குப் பிறகும் 120-க்கு மேல் இருந்தால்தான் மெட்ஃபார்மினோ இன்சுலினோ. பெரும்பாலானவர்கள் உணவிலேயே கட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். பெயர் சூட்டிவிட்டு அளக்காமல் விடுவதே பெண்ணை வீணாக நோயாளி ஆக்கும். அளந்துகொண்டே போனால் தேவையற்ற மருந்திலிருந்து அவரைக் காப்பதும் அந்த அளவீடுதான்.

தினமும் விரலைக் குத்துவது வலி, மனக்கவலை, செலவு என்பதும் உண்மை. ஸ்ட்ரிப் விலை ஏழைக் குடும்பத்துக்குப் பாரம்தான். ஆகவே அந்தப் பாரத்தைப் பொதுச் சுகாதாரம் சுமக்க வேண்டும். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் இரும்புச்சத்து மாத்திரையைப் போல இலவசமாகக் கையில் சேர வேண்டியவை. அளவுகள் சீரானவருக்குத் தினமும் நான்கு முறை என்பதை வாரத்தில் சில நாட்களாகக் குறைக்க மருத்துவரால் முடியும். தோலில் ஒட்டி இடைவிடாமல் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. முதல் வகை நீரிழிவு உள்ள கர்ப்பிணிகளிடம் 2017-இல் வெளியான ஒரு பன்னாட்டுச் சோதனையில், அந்தக் கருவியை அணிந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்ததும் சர்க்கரை தாழ்வது 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. கவலையைப் பொறுத்தவரை, எண்ணைத் தேர்வு மதிப்பெண்போலப் பார்த்து, கூடினால் தாயைத் திட்டும் வழக்கம் மருத்துவமனையிலும் வீட்டிலும் ஒழிய வேண்டும். திட்டுக்குப் பயந்து தாய் பொய் எண்ணை எழுதினால், ஏமாறுவது குழந்தையின் கணையம்.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலான தாய்மாரின் சர்க்கரை சில நாட்களில் இறங்கிவிடும். பென்னவிட்ஸ் கண்டதும் இதைத்தான். கதை முடிந்தது என்று குடும்பம் நினைக்கும் அந்த இடத்தில்தான் தாயின் சொந்தக் கதை தொடங்குகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்குகள் சொல்கின்றன. கணையத்தின் பலவீனத்தைக் கர்ப்பம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது. ஐம்பது வயதில் தெரியவேண்டியது இருபத்தைந்தில் தெரிந்துவிட்டது. தெரிந்ததைப் பயன்படுத்த வேண்டுமானால் பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் மீண்டும் ஒருமுறை 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அளக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும். நடைமுறையில் அதிகம் விட்டுப்போகும் சோதனை இதுதான். ஆறாவது வாரம் வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தைமேல் இருக்கும், தாயின் இரத்தத்தை யாரும் நினைப்பதில்லை. ஆனால் குழந்தையின் தடுப்பூசிகளுக்கு அதே ஆறாவது வாரத்தில்தான் எல்லோரும் சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள். அன்று குழந்தைக்கு ஊசி போடும் செவிலியரிடம் தாய்க்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தாய் கேட்கத் தயங்கினால், கூடப் போகிறவர் கேளுங்கள்.